‘வென்ச்’ என்ற சொல்லின் வழியே ஓர் அகராதி: ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, மதிப்புரை

ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில், முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், தீவில் ஒதுங்கி வாழும் பிராஸ்பெரோ தாங்கள் நாடிழந்து கடலில் விடப்பட்ட கதையைத் தன் மகள் மிராண்டாவிடம் சொல்லிக்கொண்டு வருகிறான். அப்படியானால் பகைவர்கள் அந்த நேரமே நம்மைக் கொன்றுவிடாமல் விட்டது ஏன் என்று மகள் இடையில் கேட்கிறாள். தந்தை அவளை மெச்சி, ‘வெல் டிமாண்டட், வென்ச்’ என்கிறான். இந்த நாடகத்தை முதன்முறை படித்தபோது, கையில் இருந்த ஒரு சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டிக் கடைசிச் சொல்லுக்குப் பொருள் பார்த்தேன். ‘ஒழுக்கங்கெட்டவள்’ என்று ஒரே சொல்லில் விளக்கம் இருந்தது. அதையே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். பெற்ற மகளைப் பார்த்து, அதுவும் அவள் அறிவைப் பாராட்டும் இடத்தில், ஒரு தகப்பன் இப்படியா பேசுவான் என்ற உறுத்தல் மட்டும் நெடுநாள் போகவில்லை.

அந்த உறுத்தலைத் தீர்த்துவைத்தது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. சந்தா கட்டிப் பயன்படுத்த வேண்டிய அதன் இணையப் பதிப்பை இங்கே மதிப்பிட முனைகிறேன். ஆறு லட்சம் சொற்களுக்கு இடம் கொடுத்திருக்கும் ஒரு நூலை முழுவதுமாக எடைபோடுவது யாராலும் ஆகாத காரியம் என்பதால், ‘வென்ச்’ என்ற இந்த ஒரு சொல்லை மட்டும் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். இளம்பெண்ணைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொற்களில், இதைப்போல் உயரத்திலிருந்து பள்ளத்துக்கும் பள்ளத்திலிருந்து வீட்டு முற்றத்துக்கும் நடந்த சொல் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இந்த அகராதியின் அடிப்படைக் கொள்கையைச் சொல்லிவிட வேண்டும். வழக்கமான அகராதி இன்று எந்தப் பொருள் பெருவழக்கோ அதை முதலில் வைக்கும். இதுவோ எந்தப் பொருள் எழுத்தில் முதலில் கிடைக்கிறதோ அதை முதலில் வைத்து, அடுத்தடுத்த பொருள்களைக் காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே நூல்களிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் மேற்கோள்களை ஆண்டுடன் தருகிறது. அதனால் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு முன்பாக, எப்போது என்ன பொருள் என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. நான் முதலில் நம்பிய சிறிய அகராதி சொன்னது பொய்யன்று; அந்தப் பொருளும் உண்டு. பல நூற்றாண்டுப் பொருள்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை அது விட்டுவிட்டது என்பதே குறை.

‘வென்ச்’ பதிவின் சொற்பிறப்புப் பகுதியைத் திறந்தால் முதல் வியப்பு காத்திருக்கிறது. இந்தச் சொல் தொடக்கத்தில் பெண்ணையே குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘வென்செல்’ என்றால் குழந்தை. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு அதில் இல்லை. அந்தச் சொல், தள்ளாடுகிற, உறுதியில்லாத, வலுவற்ற என்று பொருள்படும் ‘வங்கொல்’ என்ற பழைய ஆங்கில உரிச்சொல்லோடு உறவுடையது. தள்ளாடுதலைக் குறிக்கும் ‘வாங்கென்’ என்ற ஜெர்மன் வினைச்சொல்லும் அதே குடும்பம். காலூன்றத் தெரியாமல் தத்தித் தத்தி நடக்கும் சிறு உயிர் என்ற காட்சிதான் இந்தச் சொல்லின் கருவறை. பேதை என்ற நம் சொல்லை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து முதல் ஏழு வயதுவரை உள்ள சிறுமிக்குப் பருவப்பெயராக இருக்கும் அதே சொல், அறியாமை உடையவர் என்ற பொருளையும் சுமக்கிறது. இளமையைப் பார்த்த கண்ணுக்கு வலுவின்மையோ அறியாமையோதான் முதலில் பட்டிருக்கிறது என்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஓர்ம் என்ற துறவி எழுதிய ‘ஓர்முலும்’ என்ற நீண்ட செய்யுள் நூல் ஒன்று உண்டு. படிப்பவர் ஒலி பிழைபடக் கூடாது என்ற கவலையில், குற்றுயிரை அடுத்து வரும் மெய்யெழுத்துகளை அவர் இரட்டித்தே எழுதினார். அதனால் அவர் கையில் இந்தச் சொல் ‘வென்ன்செல்ல்’ என்று நிற்கிறது. அதை அவர் யாருக்குப் பயன்படுத்துகிறார் என்பதுதான் முக்கியம். மீட்பர் பிறந்திருக்கிறார் என்று வானதூதர் இடையர்களுக்கு அறிவிக்கும் இடத்தில், குழந்தை இயேசுவை அந்தச் சொல்லால் குறிக்கிறார். பிற்காலத்தில் வசைச்சொல்லாகப் போன ஒரு சொல்லின் முன்னோர், தொழுவத்தில் கிடந்த ஆண் குழந்தையைச் சுட்டி நின்றிருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே இப்படி ஓர் அகராதி இருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

பிறகு சொல்லின் வால் உதிர்ந்தது. ‘மிக’ என்ற பொருளில் வழங்கிய ‘மச்செல்’ குறுகி இன்றைய ‘மச்’ ஆனதைப்போல, ‘வென்செல்’ குறுகி ‘வென்ச்’ ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது பெண் குழந்தைக்கும் இளம்பெண்ணுக்கும் உரிய சொல்லாகிவிட்டது. பதினான்காம் நூற்றாண்டில், ‘பியர்ஸ் பிளவ்மன்’ என்ற கனவுக் காவியத்தில், மேற்குத் திசையிலிருந்து பணிவோடு நடந்துவரும் ‘வென்ச்’ ஒருத்தியைக் கவிஞர் காண்கிறார். அவள் பெயர் கருணை. இறைவனின் அருட்குணத்தையே ஒரு பெண்ணாக உருவகிக்கும் இடத்தில் எந்தத் தயக்கமும் இல்லாமல் அந்தச் சொல் வருகிறது. அதே நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தவாதி விக்லிஃப்பின் வழிவந்த விவிலிய மொழிபெயர்ப்பின் முந்தைய வடிவத்தில், சிறுமி இறக்கவில்லை, உறங்குகிறாள் என்று இயேசு சொல்லும் வாக்கியத்திலும் ‘வென்ச்’ என்ற சொல்லே இருக்கிறது. அதே மொழிபெயர்ப்பைச் சில ஆண்டுகளில் திருத்தியவர்கள் அந்த இடத்தில் ‘டாம்சல்’ என்று மாற்றினார்கள். மாற்றியவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அகராதி சொல்லாது. ஆனால் அந்த இரு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, தரை சரியத் தொடங்கிவிட்டது புலப்படும்.

அந்தச் சரிவைத் தெளிவாகக் காட்டுபவர் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசர். ‘கான்டர்பரி கதைகளில்’ வணிகன் சொல்லும் கதையில், மே என்ற இளம் மனைவி தன்னைத் தற்காத்துப் பேசும்போது, நான் நற்குடிப் பெண், ‘வென்ச்’ அல்ல என்கிறாள். இந்த ஒரு மறுப்பில் வர்க்கமும் ஒழுக்கமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மேட்டுக்குடியில் பிறந்தவள் ஒருபுறம், உழைத்துப் பிழைக்கும் வீட்டில் பிறந்தவள் மறுபுறம். மறுபுறத்தில் இருப்பவளுக்கு நற்பெயரும் கிடையாது. நாட்டுப்புறப் பெண், பணிப்பெண், ஆசைநாயகி என்று பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைத்ததற்கு, அந்தப் பெண்கள் யாரும் பொறுப்பல்லர். அவர்களைப் பற்றி எழுதியவர்களின் பார்வையே பொறுப்பு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘வென்ச்’ ஒரு வினைச்சொல்லாகவும் மாறி, பெண்களை நாடித் திரியும் ஆணின் செயலைக் குறித்தது. செயல் ஆணுடையது, இழுக்கு மட்டும் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது.

இந்த இடத்தில்தான் அகராதியின் அருமை எனக்கு முழுமையாக விளங்கியது. சொல் விழுந்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி, விழுந்த காலத்திலேயே அது அன்பாகவும் வழங்கியதற்கான சான்றுகளையும் அது தனி உட்பிரிவாக வைத்திருக்கிறது. மகளையோ மனைவியையோ காதலியையோ உரிமையோடு விளிக்கும் சொல் என்பது அந்தப் பிரிவின் சாரம். ‘ஒதெல்லோ’வின் கடைசிக் காட்சியில், தன் கையால் கொன்ற மனைவியின் வெளிறிய முகத்தைப் பார்த்து ஒதெல்லோ கதறும்போது, தீய விண்மீனின் கீழ் பிறந்த ‘வென்ச்’ என்றுதான் அழைக்கிறான். அதில் வசை துளியும் இல்லை. ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தில் அரசி கேத்தரின், மனம் சோர்ந்து, யாழை எடுத்துப் பாடு என்று தன் பணிப்பெண்ணிடம் சொல்லும்போதும் இதே விளிதான். தமிழில் ‘குட்டி’ என்ற சொல்லை எண்ணிப் பார்க்கலாம். விலங்கின் இளமைக்குரிய அந்தப் பெயர், பாட்டியின் வாயில் பேத்தியைக் கொஞ்சும் சொல்லாகவும், தெருமுனையில் நிற்பவன் வாயில் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் சொல்லாகவும் ஒரே நாளில் ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான், சொல்பவரையும் கேட்பவரையும் பார்த்தே பொருள் பிறக்கிறது. மேற்கோள் இல்லாத அகராதியால் இதை ஒருபோதும் காட்ட முடியாது.

1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில், சாமுவேலின் இரண்டாம் நூல் பதினேழாம் அதிகாரத்தில், தாவீதுக்காகச் செய்தி கொண்டுசெல்லும் பணிப்பெண்ணைக் குறித்து வருகிறது. அட்லாண்டிக்கைக் கடந்த பிறகோ இதன் கதை இருண்டுவிடுகிறது. அமெரிக்காவில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களை விற்பதற்கும், தப்பியோடியவர்களைப் பிடித்துத் தருவதற்கும் வந்த விளம்பரங்களில் ‘வென்ச்’ என்பது ஒரு சரக்கின் பெயரைப்போல அச்சிடப்பட்டது. வயதும் விலையும் பக்கத்திலேயே இருக்கும். அகராதி இந்தப் பொருளையும் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. அது சரியான முடிவு. ஆனால் 1989ஆம் ஆண்டின் அச்சுப் பதிப்புவரை அந்தப் பொருளை விளக்கக் கையாண்ட சொற்களே இன்று கையாளத் தகாதவை. ஒரு காலத்தின் கொடுமையைப் பதிவு செய்த கை, அதே காலத்தின் மொழியால்தான் பதிவு செய்தது என்பதைப் படிப்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு பழைய சொல்லின் கதையும் இங்கே பொருந்துகிறது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல், முதல் பதிப்பில் ‘பி’ எழுத்துத் தொகுதி அச்சேறியபோது விடுபட்டுப்போயிற்று. அதற்குரிய குறிப்புச் சீட்டுகள் எங்கோ இடம் மாறிக் கிடந்தன. அந்தச் சொல் அகராதிக்குள் வருவதற்கு 1933ஆம் ஆண்டின் துணைத்தொகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல லட்சம் சீட்டுகளைக் கையால் அடுக்கிய ஒரு பணியில் ஒரு சொல் தவறியது குற்றமன்று. எனினும் தவறிய சொல் அதுவாக இருந்தது மனத்தைத் தைக்கிறது.

அந்தப் பணியின் பருமனையும் சொல்லத்தான் வேண்டும். 1857ஆம் ஆண்டில் லண்டன் மொழியியல் கழகத்தில் எழுந்த எண்ணம் இது. 1879ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மர்ரி ஆசிரியர் பொறுப்பை ஏற்று, உலகெங்கும் உள்ள ஆங்கில வாசகர்களிடம், படிக்கும் நூல்களிலிருந்து மேற்கோள்களைச் சீட்டில் எழுதி அனுப்புமாறு வேண்டினார். முதல் பகுதி 1884ஆம் ஆண்டிலும் கடைசிப் பகுதி 1928ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முடிந்த கணக்கு 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். மர்ரி 1915ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ‘வென்ச்’ அமைந்திருக்கும் ‘டபிள்யூ’ எழுத்தின் முற்பகுதி ஹென்றி பிராட்லியின் பொறுப்பில் இருந்தது. ஷெஃபீல்டில் கத்தி வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராக நெடுங்காலம் வேலை பார்த்த அவர், முதல் பகுதி வெளியானபோது அதற்கு எழுதிய மதிப்புரையின் ஆழத்தைக் கண்டுதான் அகராதிப் பணிக்கு அழைக்கப்பட்டார். ஒரு மதிப்புரை அதை எழுதியவரை அந்த நூலுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பின்னாளில் கற்பனைக் காவியங்களால் புகழ்பெற்ற டோல்கீன் 1919, 1920ஆம் ஆண்டுகளில் அவருக்குக் கீழே அதே ‘டபிள்யூ’ எழுத்தில்தான் உழைத்தார்.

இணையப் பதிப்பு 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன், 1971ஆம் ஆண்டில் வந்த சுருக்க அச்சுப் பதிப்பு ஒன்றை நூலகத்தில் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கங்களை ஒரே பக்கமாகக் குறுக்கி, இரண்டே தொகுதிகளாக்கி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடியை நகர்த்த நகர்த்த எறும்பு வரிசைபோல் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வரும். அந்த அனுபவத்தின் மேல் எனக்குப் பிரியம் உண்டென்றாலும், பயன் என்று வரும்போது இணையப் பதிப்புக்கே என் வாக்கு. காரணம், 2009ஆம் ஆண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழக அறிஞர்கள் நாற்பத்து நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் முடித்த வரலாற்றுச் சொற்களஞ்சியம், அதனுடன் இணைக்கப்பட்டிருப்பதுதான். ‘வென்ச்’ பதிவிலிருந்து அதற்குள் நுழைந்தால், இளம்பெண்ணுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொற்கள் எல்லாம் தோன்றிய காலவரிசையில் விரிகின்றன.

அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றால் பொழுது போவதே தெரியாது. இன்று பெண்ணுக்கே உரிய ‘கர்ல்’ என்ற சொல் இடைக்காலத்தில் இருபால் குழந்தைக்கும் பொதுவாக இருந்தது. ஆண் குழந்தையைத் தனித்துச் சொல்ல ‘நேவ் கர்ல்’ என்றார்கள். ‘டாம்சல்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர், தலைவி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் சிறுமை வடிவம். இல்லத்தலைவியைக் குறித்த ‘ஹவுஸ்வைஃப்’ என்ற சொல்லே தேய்ந்து, நாணமற்ற பெண்ணை ஏசும் ‘ஹஸி’ ஆயிற்று. ஆண்பால் பக்கம் திரும்பினால், சிறுவனைக் குறித்த இரு சொற்களில் ‘நேவ்’ கீழிறங்கிக் கயவன் ஆனது. ‘நைட்’ மேலேறி வீரத்திருப்பெயர் ஆனது. சிறுவருக்கு ஏறவும் இறங்கவும் இரு படிகள் இருந்தன; சிறுமியரைக் குறித்த சொற்களில் நான் பார்த்தவரை ஏறியது ஒன்றுமில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணி ‘எம்’ எழுத்தில் தொடங்கிப் படிப்படியாக நடந்துவருவதால், புதிதாகத் திருத்திய பதிவும் நூறாண்டுப் பழமையான வாசகமும் ஒரே எழுத்துருவில் ஒன்றுபோலத் திரையில் நிற்கின்றன. எந்தப் பதிவு எப்போது எழுதப்பட்டது என்ற குறிப்பு உள்ளே இருக்கிறது. தேடிப் படிக்கும் பொறுப்பு வாசகருடையது. விளக்கங்களின் நடை இறுக்கமானது, நூற்பெயர்கள் சுருக்கக் குறியீடுகளாகத் தரப்படுகின்றன. பழகும்வரை தடுமாற்றம் இருக்கும். முழுப் பதிவையும் படிக்கச் சந்தா வேண்டும். எப்போதாவது ஒரு சொல் பார்ப்பவர் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பல நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு இதைத் திறந்துவிடுகின்றன, முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

‘வென்ச்’ பதிவில் என் மனம் நிறையாத இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில், டட்லி, வால்சால் போன்ற ஊர்களை உள்ளடக்கிய பிளாக் கண்ட்ரி வட்டாரத்தில், இந்தச் சொல் இன்றும் அன்பாகவே வாழ்கிறது. அங்கே ‘அவர் வென்ச்’ (our wench) என்றால் எங்கள் வீட்டுப் பெண். தங்கையாகவும் இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். நூலில் இழிந்துபோன சொல்லை வீட்டுப் பேச்சு கைவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. எழுத்துச் சான்றை நம்பி நிற்கும் அகராதியில் இந்தப் பேச்சுவழக்கின் வெதுவெதுப்பு முழுமையாக இறங்கவில்லை. அதற்கு ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதியைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதுவரை எழுதப்படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளியாக இருந்து ஆக்ஸ்போர்டு பேராசிரியராக உயர்ந்தவர் ரைட். அவர் காதில் விழுந்த மக்கள் பேச்சு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இடைக்கால ஆங்கிலம் மட்டுமே தேவைப்படுபவருக்கு, மிஷிகன் பல்கலைக்கழகம் 1952 முதல் 2001 வரை வெளியிட்டு முடித்த இடைக்கால ஆங்கில அகராதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஓர்மும் சாசரும் அங்கேயே அகப்படுவார்கள். ஆனால் தொழுவத்துக் குழந்தை முதல் டட்லி வீட்டு வாசல்வரை ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்றால், ஆக்ஸ்போர்டு அகராதியைத் தவிர வேறு துணை இல்லை. பழைய ஆங்கில இலக்கியத்தைத் தொடர்ந்து படிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் தயங்காமல் சந்தா கட்டலாம்.

என் பழைய ‘டெம்பஸ்ட்’ பிரதியை எடுத்து, பக்க ஓரத்துப் பென்சில் குறிப்பை அழித்துவிட்டேன். அதே இடத்தில் இப்போது ‘நல்ல கேள்வி கேட்டாய், கண்ணம்மா’ என்று எழுதியிருக்கிறேன்.